விபசாரத்தில் பிடிபட்ட பெண்: பன்னிரண்டு வசனங்கள் எழுப்பும் வினாக்கள்

கிறிஸ்தவ இறையியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் வினாக்களில் இரண்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். மறைநூல் என்று ஏற்கப்பட்ட தொகுதியில் எந்தப் பகுதி உண்மையிலேயே மறைநூலுக்கு உரியது, அதை யார் முடிவு செய்வது என்பது முதல் வினா. பாவம் செய்தவரைத் திருச்சபை எந்த அளவுக்கு மன்னிக்கலாம், அப்படி மன்னிப்பது மேலும் பாவம் செய்யத் துணிவு தருவதாகிவிடாதா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டும் பகுதி ஒன்று யோவான் நற்செய்தியில் உண்டு. ஏழாம் அதிகாரத்தின் 53ஆம் வசனத்தில் தொடங்கி எட்டாம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் முடியும் பன்னிரண்டு வசனங்களே அவை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை என்று கிறிஸ்தவர் அல்லாதாரும் அறிந்த இப்பகுதியை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் இன்றைய ஆய்வுப் பதிப்புகள் இரட்டை அடைப்புக்குறிக்குள் இடுகின்றன. மிகப் பழமையானதுதான், ஆனால் நற்செய்தியின் மூலப் பாடத்தைச் சேர்ந்ததன்று என்பது அந்தக் குறியின் பொருள்.

கதையும் கண்ணியும்

கதை எருசலேம் ஆலயத்தில் நிகழ்கிறது. ஒலிவ மலையிலிருந்து அதிகாலையில் வந்து, அமர்ந்து மக்களுக்குப் போதித்துக்கொண்டிருந்த இயேசுவிடம், மோசேயின் திருச்சட்டத்தைக் கற்று விளக்கும் அறிஞர்களாகிய வேதபாரகரும், அச்சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடிப்பதில் பெயர்பெற்ற பரிசேயரும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகின்றனர். கையும் மெய்யுமாகப் பிடிபட்டவள் என்றும், இத்தகையோரைக் கல்லெறிந்து கொல்ல வேண்டுமென்பது மோசேயின் கட்டளை என்றும் கூறி, அவருடைய கருத்தைக் கேட்கின்றனர். அவர்மேல் குற்றம் சுமத்த வழி தேடியே இவ்வாறு கேட்டனர் என்பதையும் கதை மறைக்கவில்லை. உரோமை ஆட்சியின்கீழ் மரண தண்டனையை நிறைவேற்றும் உரிமை யூதத் தலைவர்களுக்கு இல்லை என்று இதே நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் தெரிவிப்பதால், கல்லெறியச் சொன்னால் உரோமை அதிகாரத்தை மீறியவர் என்றும், வேண்டாம் என்று சொன்னால் மோசேயின் சட்டத்தை மறுத்தவர் என்றும் அவரைச் சிக்கவைக்க இடமிருந்தது.

அவர்கள் மேற்கோள் காட்டிய சட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறு சில செய்திகள் புலப்படும். லேவியராகமம் 20ஆம் அதிகாரமும் உபாகமம் 22ஆம் அதிகாரமும் விபசாரத்தில் ஈடுபட்ட ஆண், பெண் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கின்றன. ஆனால் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டவள் பெண் மட்டுமே. கையும் மெய்யுமாகப் பிடித்திருந்தால் உடனிருந்த ஆணும் பிடிபட்டிருக்க வேண்டும் என்பதால், அவன் எங்கே என்ற கேள்வியை விரிவுரையாளர்கள் கேட்காமல் இருந்ததில்லை. மேலும், ஒருவருடைய சாட்சியத்தைக் கொண்டு யாரையும் கொல்லக்கூடாது என்றும், சாட்சி சொன்னவர்களே முதலில் கை ஓங்க வேண்டும் என்றும் உபாகமம் 17ஆம் அதிகாரம் விதிக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லிக் கொலைப்பழியைப் பிறர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதபடி சாட்சியைப் பொறுப்பில் நிறுத்தும் ஏற்பாடு அது. பாவம் இல்லாதவரே முதற்கல்லை எறிய வேண்டும் என்று இயேசு சொல்லும்போது சட்டத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. யார் முதலில் எறிவது என்ற அந்தச் சட்டத்தின் விதியையே கையில் எடுத்து, அதில் ஒரு நிபந்தனையைக் கூட்டுகிறார். அதன்பின் முதியோர் தொடங்கி ஒவ்வொருவராக வெளியேறுகின்றனர். இறுதியில் அவர் அந்தப் பெண்ணிடம், தாமும் அவளுக்குத் தண்டனை விதிக்கவில்லை என்றும், இனிமேல் பாவம் செய்யக்கூடாது என்றும் சொல்லி அனுப்புகிறார்.

நடுவே இருமுறை அவர் குனிந்து தரையில் விரலால் எழுதினார் என்று கதை சொல்கிறது; என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. கடவுளை விட்டு விலகுவோர் மண்ணில் எழுதப்படுவர் என்னும் கருத்து எரேமியா 17ஆம் அதிகாரத்தில் வருவதைச் சுட்டி, குற்றம் சாட்டியவர்களின் பாவங்களையே அவர் எழுதினார் என்று பண்டைய இலத்தீன் திருச்சபையின் மறைநூல் அறிஞர் எரோணிமுஸ் விளக்கம் தந்தார். இந்த ஊகம் எந்த அளவுக்குப் பரவியது என்றால், பிற்காலக் கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அவர்கள் ஒவ்வொருவரின் பாவங்களையும் எழுதினார் என்ற சொற்கள் வசனத்துக்குள்ளேயே புகுந்துவிட்டன. வாசகரின் விளக்கம் பாடமாகவே மாறிவிடும் இந்த நிகழ்ச்சி, இக்கதை முழுவதையும் பற்றிய பெரிய கேள்விக்கு ஒரு முன்னறிவிப்பு எனலாம்.

சுவடிகளின் சாட்சியம்

புதிய ஏற்பாட்டின் எந்த நூலுக்கும் ஆசிரியர் கைப்பட எழுதிய படி இன்று இல்லை. பிரதிகளின் பிரதிகளை ஒப்பிட்டு மூலத்தை நெருங்கும் முயற்சிக்குப் பாட ஆய்வு என்று பெயர். பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் கையாண்ட பாடபேதம், இடைச்செருகல் என்னும் சொற்களே இங்கும் பொருந்துகின்றன. அந்த ஆய்வு தரும் முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. கி.பி. 200ஐ ஒட்டியதாகப் பொதுவாக மதிப்பிடப்பட்டு, 1956இல் வெளியிடப்பட்ட பாப்பிரஸ் 66 என்னும் எகிப்தியப் பிரதியில் இந்தப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. அதற்குச் சற்றுப் பிற்பட்ட பாப்பிரஸ் 75இலும் இல்லை. நான்காம் நூற்றாண்டின் இரு பெருஞ்சுவடிகளான வத்திக்கான் சுவடியிலும் சீனாய் சுவடியிலும் இல்லை. இப்பிரதிகள் 7ஆம் அதிகாரத்தின் 52ஆம் வசனத்திலிருந்து நேரே 8ஆம் அதிகாரத்தின் 12ஆம் வசனத்துக்குப் போகின்றன. இடையில் எதுவும் விடுபட்டதாகப் படிப்பவர் உணர்வதற்கும் இல்லை.

திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. யோவான் நற்செய்திக்கு விரிவாக மறையுரைகள் ஆற்றிய கிறிசோஸ்தோம் இக்கதையைத் தொடாமலே கடந்து செல்கிறார். இப்பகுதிக்குக் கிரேக்க மொழியில் விரிவுரை எழுதிய முதல் ஆசிரியர் என்று அறியப்படும் எயூத்திமியுஸ் சிகபேனுஸ் வாழ்ந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அவரும்கூட, திருத்தமான பிரதிகளில் இது இல்லை அல்லது ஐயக்குறியுடன் உள்ளது என்று சொல்லிவிட்டே விளக்கத் தொடங்குகிறார். நடையும் அந்நியமாகவே உள்ளது. பரிசேயரோடு வேதபாரகரைச் சேர்த்துச் சொல்வது மற்ற மூன்று நற்செய்திகளில் அடிக்கடி வரும் வழக்கு. யோவானில் இந்த ஓர் இடத்தைத் தவிர வேதபாரகர் எங்கும் தோன்றுவதில்லை. ஒலிவ மலையின் பெயரும் அவ்வாறே. இவை லூக்காவின் வழக்கை நினைவூட்டுவதால்தானோ என்னவோ, ஒரு பிரதிக் குடும்பம் இக்கதையை லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகார முடிவில் வைத்திருக்கிறது. வேறு சில பிரதிகள் யோவான் நற்செய்தியின் கடைசியில் பிற்சேர்க்கையாக இட்டிருக்கின்றன. இப்படி இடம் மாறித் திரியும் பகுதி, தொடக்கத்தில் ஓர் உறுதியான இடம் இல்லாமல் வழங்கிவந்தது என்று முடிவு செய்வது இயல்பு.

ஆயினும் கதை பிற்காலக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. பல பாவங்கள் சாட்டப்பட்டு ஆண்டவர்முன் நின்ற ஒரு பெண்ணின் கதையை, இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பாப்பியாஸ் எடுத்துரைத்ததாகவும், அது எபிரேயர் நற்செய்தி என்னும் நூலில் இருந்ததாகவும் யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் குறிப்பிடுகிறார். அது இதே கதைதானா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் உருவான திதஸ்காலியா என்னும் திருச்சபை ஒழுங்குநூல், மனம் திரும்பியவரை ஏற்காமல் கடுமை காட்டும் ஆயர்களைக் கண்டிக்கும் இடத்தில், முதியோர் கொண்டுவந்து நிறுத்திய பெண்ணை ஆண்டவர் நடத்திய விதத்தை முன்மாதிரியாகக் காட்டுகிறது. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பார்வையற்ற அறிஞர் திதிமுஸ் இக்கதையைச் சில நற்செய்திப் பிரதிகளில் காணலாம் என்கிறார். 1941இல் எகிப்தின் தூரா என்னுமிடத்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் வழியே தெரியவந்த செய்தி இது. கதை உள்ள கிரேக்கப் பிரதிகளுள் மிகப் பழமையானது, கிரேக்கமும் இலத்தீனும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதப்பட்ட பேசா சுவடி. ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்த அது, 1581இல் தெயோடர் பேசாவால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது.

நீக்கப்பட்டதா, சேர்க்கப்பட்டதா?

சுவடிகளுக்கிடையே இந்த வேறுபாடு பண்டைக்காலத்திலேயே கவனிக்கப்பட்டது. அதற்கு ஆப்பிரிக்க ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீனார் சொன்ன காரணம் புகழ்பெற்றது. விபசாரத் திருமணங்கள் பற்றி ஏறத்தாழ 420இல் அவர் எழுதிய நூலில், நம்பிக்கை குன்றிய சிலர், தங்கள் மனைவியர் தண்டனைக்கு அஞ்சாமல் பாவம் செய்ய இது இடங்கொடுத்துவிடும் என்று பயந்து இப்பகுதியைத் தங்கள் பிரதிகளிலிருந்து அகற்றிவிட்டனர் என்கிறார். இதை அவர் எதற்காகச் சொன்னார் என்பது முக்கியம். தவறு செய்து மனம் வருந்திய மனைவியைக் கணவன் மீண்டும் ஏற்றுக்கொள்ளலாம் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார் அவர்; அதை ஏற்க மறுத்த ஆண்கள் தங்கள் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் சினம் கொள்வர் என்பதையும் அதே நூலில் இடித்துரைக்கிறார். மணமான பெண்ணின் பிறழ்வை விபசாரம் என்று தண்டித்து, கணவன் தன் அடிமைப் பெண்ணிடம் செல்வதைக் குற்றமாகவே கருதாத உரோமைச் சட்டம் நிலவிய சமூகம் அது. சட்டம் செய்தவர்கள் ஆண்கள் என்பதால்தான் அது பெண்களுக்கு எதிராக இருக்கிறது என்று நாசியான்சு கிரகோரியார் நான்காம் நூற்றாண்டிலேயே சாடியிருக்கிறார்.

அகுஸ்தீனாரின் விளக்கத்துக்கு வலுச் சேர்க்கும் பின்னணியும் இருந்தது. தொடக்க நூற்றாண்டுகளில் திருமுழுக்குப் பெற்றபின் செய்யும் சிலை வழிபாடு, கொலை, விபசாரம் ஆகிய மூன்றும் மிகக் கொடிய பாவங்களாகக் கருதப்பட்டன. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட எர்மாவின் ‘மேய்ப்பர்’ என்னும் நூல், விபசாரத்திலிருந்து மனம் திரும்பிய மனைவியைக் கணவன் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னாலும், அத்தகைய மனமாற்றத்துக்கு ஒரே ஒரு வாய்ப்பையே அளிக்கிறது. அந்த ஒன்றும்கூட மிகுதி என்று கருதினார் கார்த்தேஜின் தெர்த்துல்லியன். விபசாரம் செய்து தவம் புரிந்தோரை மன்னிப்பதாக ஓர் ஆயர் அறிவித்ததை எதிர்த்து அவர் கற்பைப் பற்றித் தனி நூல் எழுதி, எர்மாவின் நூலை விபசாரிகளுக்கு மேய்ப்பர் என்று எள்ளினார். தமக்கு முன்பிருந்த ஆப்பிரிக்க ஆயர்கள் சிலர் விபசாரம் செய்தோருக்கு ஒப்புரவின் கதவையே அடைத்திருந்தனர் என்று மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனும் எழுதுகிறார். தண்டனையும் தவமும் விதிக்காமல் ஒரு பெண்ணை அனுப்பிவிடும் கதை, இத்தகைய சபைகளில் சங்கடத்தை உண்டாக்கியிருக்கும் என்று எண்ணுவது எளிது.

ஆனால் சங்கடம் உண்டாகியிருக்கலாம் என்பது, கத்தரிக்கோல் வைக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. விபசாரத்துக்கு அஞ்சி ஒருவர் இக்கதையை வெட்டியிருந்தால், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், இயேசு ஒலிவ மலைக்குப் போனார் என்று தொடங்கும் தீங்கற்ற முதல் மூன்று வசனங்களை ஏன் வெட்ட வேண்டும் என்ற வினாவுக்கு விடை இல்லை. ஐந்து கணவரைக் கொண்டிருந்த சமாரியப் பெண்ணின் கதை இதே யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பாவியான பெண்ணின் கதை லூக்கா ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவற்றில் யாரும் கை வைக்கவில்லை. தெர்த்துல்லியனும் தம் கடுமையான நூலில் எதிராளிகள் காட்டும் பல மறைநூல் பகுதிகளை ஒவ்வொன்றாக மறுத்தவர், இக்கதையை மறுக்கவே இல்லை. அவர் கையிலிருந்த யோவானில் அது இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதே எளிய விளக்கம். வாய்மொழியாகவும் வேறு நூல்கள் வழியாகவும் வழங்கிவந்த பழங்கதை ஒன்று, ஒரு கட்டத்தில் யோவானில் இடம்பெற்று, முதலில் இலத்தீன் மொழிச் சபைகளில் பரவியது என்பதே இன்றைய பாட ஆய்வாளருள் மிகப் பெரும்பாலோரின் முடிவு. இரக்கத்துக்காகப் பேசிய அகுஸ்தீனார் நோக்கத்தில் நேர்மையானவர். சுவடியின் வரலாற்றைப் பொறுத்தவரை அவர் கூற்று நிலைக்கவில்லை.

யோவான் எழுதாதது மறைநூலாகுமா?

இங்கேதான் இறையியல் வினா தொடங்குகிறது. மறைநூல் இறைவனின் தூண்டுதலால் எழுதப்பட்டது என்பது கிறிஸ்தவரின் பொது நம்பிக்கை. அந்தத் தூண்டுதல் குறிப்பிட்ட ஆசிரியரின் எழுத்தோடு பிணைக்கப்பட்டதா, திருச்சபை ஏற்று வாசித்துவரும் நூலோடு பிணைக்கப்பட்டதா என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு 1546 ஏப்ரல் 8 அன்று திரெந்து பொதுச்சங்கத்தில் விடை சொன்னது. நீண்டகாலமாகத் திருச்சபையில் வாசிக்கப்பட்டு வந்தபடியும், வுல்காத்தா என்னும் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பில் உள்ளபடியும், மறைநூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்க வேண்டும் என்று சங்கம் ஆணையிட்டது. இதன்படி, யோவான் எழுதினாரா என்பது வரலாற்றாசிரியர் ஆய்வுக்குத் திறந்தே இருக்கிறது; இப்பகுதி மறைநூலின் பகுதி என்பதில் மட்டும் மாற்றமில்லை.

சீர்திருத்தச் சபையினருக்கு இவ்வழி எளிதன்று. மறைநூல் மட்டுமே இறுதி அதிகாரம் என்று சொல்லிவிட்டு, எது மறைநூல் என்பதைத் திருச்சபையின் வழக்கைக் கொண்டு நிறுவுவது அவர்களுக்கு முரணாகத் தோன்றும். பழங்காலக் கிரேக்கச் சபைகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பதைச் சீர்திருத்தத் தலைவர்களுள் ஒருவரான கால்வின் ஒப்புக்கொண்டார். ஆனால் இலத்தீன் சபைகள் எப்போதும் ஏற்றிருந்ததாலும், அப்போஸ்தலரின் மனநிலைக்குத் தகாதது எதுவும் அதில் இல்லாததாலும், அதைப் பயன்படுத்த மறுக்கக் காரணமில்லை என்று முடித்தார். ஆசிரியர் முதலில் எழுதிய மூலத்துக்கே இறைத்தூண்டுதல் கண்டிப்பாகப் பொருந்தும் என்று 1978ஆம் ஆண்டின் சிகாகோ அறிக்கை சொல்கிறது. வேதாகமம் பிழையற்றது என்பதை வலியுறுத்திச் சுவிசேஷ மரபினர் வெளியிட்ட அந்த அறிக்கையின் அளவுகோலை அப்படியே பயன்படுத்தினால் இப்பன்னிரண்டு வசனங்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அந்த மரபைச் சேர்ந்த போதகர் சிலர் இதை மறையுரைக்கு எடுப்பதில்லை, வேறு சிலர் உண்மை நிகழ்ச்சியாக ஏற்று அடிக்குறிப்பையும் சொல்லிவிட்டுப் போதிக்கின்றனர்.

பதிப்பாளர்களின் தடுமாற்றத்தையும் இங்கே காணலாம். வெஸ்ட்காட், ஹார்ட் என்னும் இரு கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் 1881இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பு இக்கதையை யோவானின் கடைசியில் தனியே அச்சிட்டது. 1946இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு அதை அடிக்குறிப்புக்குத் தள்ளியது. வாசகர் அதை ஏற்கவில்லை; 1971ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அது மீண்டும் பாடத்துக்குள் வந்துவிட்டது. தமிழில் இந்தச் சிக்கல் தொடக்கத்தில் எழவில்லை. எராஸ்மஸ் வழிவந்த கிரேக்கப் பாடமும் லூத்தரின் ஜெர்மன் வேதாகமமும் கதையை உள்ளடக்கியிருந்ததால், சீகன்பால்கு என்னும் ஜெர்மன் மறைப்பணியாளரின் முயற்சியால் 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாடு முதலே தமிழ் வாசகர் இதை யோவானின் பகுதியாகத்தான் அறிந்திருக்கின்றனர்.

வழிபாட்டு மரபு தந்த விடை இவ்விவாதங்களைவிடப் பழமையானது. பைசாந்திய மரபில் பெந்தெகொஸ்தே நாளின் நற்செய்தி வாசகம் 7ஆம் அதிகாரத்தின் 52ஆம் வசனம் வரை சென்று, இக்கதையைத் தாண்டி 8ஆம் அதிகாரத்தின் 12ஆம் வசனத்தில் முடிகிறது. ஆனால் நடிகையாக இருந்து மனம் மாறியவராகப் போற்றப்படும் புனித பெலாகியாவின் திருநாளான அக்டோபர் 8 அன்று இக்கதை வாசிக்கப்படுகிறது. உரோமையிலோ தவக்காலத்தின் மூன்றாம் வாரச் சனிக்கிழமையில், புனித சூசன்னா ஆலயத்தில், பொய்யாக விபசாரக் குற்றம் சாட்டப்பட்டுத் தானியேலால் காப்பாற்றப்பட்ட சூசன்னாவின் கதையோடு இது இணைத்து வாசிக்கப்பட்டது. குற்றமற்றவளையும் குற்றம் புரிந்தவளையும் அடுத்தடுத்து நிறுத்தி, இருவரும் ஒரே விதமான ஆண்களால் நீதிக்கு இழுக்கப்பட்டதைக் கேட்போருக்குக் காட்டிய அந்த இணைப்பு, எழுதப்படாத ஒரு விரிவுரை.

பாவமற்றவரே தீர்ப்பிடலாம் என்றால்

பாவம் இல்லாதவரே தண்டிக்கலாம் என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் உலகில் எந்த நீதிமன்றமும் இயங்க முடியாது. உரோமைப் பேரரசில் கிறிஸ்தவர்கள் நீதிபதிகளாகவும் ஆளுநர்களாகவும் வந்தபோது இது நடைமுறைச் சிக்கலாயிற்று. மரண தண்டனை விதிக்கும் கிறிஸ்தவ நீதிபதி நற்கருணை பெறலாமா என்று ஸ்தூதியுஸ் என்பவர் கேட்டதற்கு, மிலான் ஆயர் அம்புரோசியார் இக்கதையைச் சுட்டி எழுதிய பதில் நடுநிலையானது: சட்டம் நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது, அதைப் பயன்படுத்துவோரைத் திருச்சபை வெளியே தள்ளவில்லை, ஆனால் உயிரைப் பறிக்காமல் விடுவது மேலானது, ஏனெனில் குற்றவாளி திருந்துவதற்கு அது வழிவிடுகிறது.

அடுத்த தலைமுறையில் ஆப்பிரிக்காவின் உயர் அதிகாரியான மாசெதோனியுஸ், குற்றவாளிகளுக்காக ஆயர்கள் பரிந்து பேசுவது பாவத்துக்கு உடந்தையாவதாகாதா என்று அகுஸ்தீனாரிடம் வெளிப்படையாகக் கேட்டார். நீதிபதியின் அச்சுறுத்தல் தீயோரை அடக்கி நல்லோர் அமைதியாக வாழ உதவுகிறது என்பதை அகுஸ்தீனார் தம் பதிலில் மறுக்கவில்லை. அதே வேளையில் குற்றத்தை வெறுப்பதும் குற்றம் செய்த மனிதருக்காக மன்றாடுவதும் முரணானவையல்ல என்றும், தீர்ப்பிடுவோர் தாமும் இறைவனின் இரக்கத்தை வேண்டி நிற்பவர்களே என்பதை மறக்கக்கூடாது என்றும் இக்கதையைக் காட்டி வாதிட்டார். ஆக, இவ்விருவர் விளக்கத்திலும் அந்த நிபந்தனை நீதிமன்றத்தை மூடும் சட்டமாக ஆகவில்லை. தண்டிப்பவர் தம்மைத் தண்டிக்கப்படுபவரிடமிருந்து வேறு இனமாக எண்ணிக்கொள்வதைத் தடுக்கும் எல்லையாக ஆயிற்று.

மன்னிப்பும் கட்டளையும்

எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் கடினமான வினா. இக்கதையில் அந்தப் பெண் தன் பாவத்தை அறிக்கையிடுவதில்லை; அழுவதில்லை; மன்னிப்புக் கேட்பதும் இல்லை. தன்னைத் தண்டித்தவர் எவருமில்லை என்ற ஒரு சிறு விடையைத் தவிர அவள் எதுவும் பேசவில்லை. மனமாற்றம் இல்லாமல் மன்னிப்பு உண்டா என்று கேட்பவருக்குக் கதை நேரடியான விடை தருவதில்லை. தண்டனை விதிக்கவில்லை என்ற சொல் முன்னாலும், இனிப் பாவம் வேண்டாம் என்ற சொல் பின்னாலும் வருகின்றன. மனிதர் தகுதி பெறுமுன்பே இறைவன் இலவசமாகத் தரும் கொடையாகிய அருள் முந்துகிறது, திருந்திய வாழ்வு அதன் கனியாகப் பிந்துகிறது என்று இவ்வரிசையைச் சீர்திருத்த மரபினர் விரும்பி எடுத்துக்காட்டுவர். பிந்தைய கட்டளை இல்லாமல் முந்தைய விடுதலைக்கு முழுமை இல்லை என்பதைக் கத்தோலிக்க மரபு அழுத்திச் சொல்லும்.

ஐந்தாம் நூற்றாண்டின் பெரும் விவாதமும் இக்கதையைத் தொட்டுச் சென்றது. மனிதர் தம் சுதந்திர விருப்பத்தால் பாவமின்றி வாழ முடியும், முடியாத ஒன்றை இறைவன் கட்டளையிடமாட்டார் என்று பெலாஜியுஸ் என்னும் துறவி போதித்தார். எல்லாரும் ஆதாமின் வழியே பாவத்தின் பிடியில் பிறக்கின்றனர், அருளின்றி அதிலிருந்து எழ முடியாது என்பது அகுஸ்தீனாரின் நிலை. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மாமன்றம் பெலாஜியுஸின் கருத்தைக் கண்டித்தது. ஏறத்தாழ 415இல் பெலாஜியரை எதிர்த்து எழுதிய உரையாடல் நூலில் எரோணிமுஸ், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பல பிரதிகளில் இருப்பதாகக் குறிப்பிட்டே இக்கதையைச் சான்றாக எடுக்கிறார். முதியோர் தொடங்கி அனைவரும் வெளியேறியது பாவமற்றவர் எவருமில்லை என்பதைக் காட்டுகிறது அல்லவா? ஆனால் அதே கதை, இனிப் பாவம் செய்யாதே என்ற கட்டளையோடு முடிவதால், கட்டளை இருந்தால் திறனும் இருக்க வேண்டும் என்னும் பெலாஜிய வாதத்துக்கும் அதில் இடம் கிடைத்துவிடுகிறது. இரு தரப்பும் தம் கட்சிக்கு இழுக்கக்கூடிய இந்த இழுபறியைக் கதை தீர்த்துவைப்பதில்லை.

யோவான் நற்செய்தி பற்றிய தம் மறையுரையில் அகுஸ்தீனார் இந்த இரு முனைகளையும் பிரிக்காமல் பிடித்துக்கொண்டார். எல்லாரும் போனபின் எஞ்சியது துயருற்ற பெண்ணும் இரக்கமுமே என்று அங்கே அவர் செய்த சொல்லாட்சியைத் தழுவி, 2016இல் போப் பிரான்சிஸ் தம் மடலுக்குப் பெயரிட்டார். அந்த மறையுரையின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆண்டவர் தண்டித்தது பாவத்தை, மனிதரை அன்று என்று அதில் சொல்லும் அகுஸ்தீனார், இரக்கத்தை மட்டும் நம்பிப் பாவத்தைத் தொடர்பவரும் கெடுவர், இனி மீட்பில்லை என்று நம்பிக்கை இழந்தவரும் கெடுவர் என்று எச்சரிக்கிறார்.

இவ்வளவையும் ஒருசேர நோக்கும்போது, இப்பன்னிரண்டு வசனங்களின் சிக்கல் பெரும்பாலும் மூன்று வினாக்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது என்பது தெளிவாகும். இதை யோவான் எழுதினாரா என்பதற்குச் சுவடிகள் விடை சொல்லிவிட்டன. பக்தியின் பெயரால் அதை மறுப்பது தேவையற்றது. இது மறைநூலா என்பதற்குச் சுவடிகளால் விடை சொல்ல இயலாது; எந்த நூலைத் தன் வாழ்வுக்கு அளவுகோலாகக் கொள்வது என்று ஒரு சமூகம் நூற்றாண்டுக்கணக்கில் வாசித்தும் மன்றாடியும் கண்ட முடிவு அது. பாவம் செய்தவரை என்ன செய்வது என்ற மூன்றாவது வினாவுக்கோ, தெர்த்துல்லியனைப் போலக் கதவை அடைப்பதும், கட்டளையைக் காதில் வாங்காமல் மன்னிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவதும் இக்கதையைப் பாதியாக வாசிப்பதே ஆகும். முதல் வினாவில் நேர்மையாக இருப்பவர் மற்ற இரண்டையும் கைவிட வேண்டியதில்லை. அடிக்குறிப்போடு சேர்த்தே இக்கதையை வாசிக்கும் சபைகள் இன்று அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.